மேலே பார்ட்டி... கீழே பார்த்தீர்களா? - வெளிநாட்டு வீடுகளின் மர ‘டெக்’ சொல்லும் எச்சரிக்கை | வீட்டைச் சுற்றி

மே மாதம் பிறந்துவிட்டால் போதும்... அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளின் வீடியோ காலில் பின்னணி மாறிவிடும். ஆறு மாதமாக ஹால் சோபாவும் ஸ்வெட்டருமாகத் தெரிந்தவர்கள், திடீரென்று பளிச் வெயிலில் வீட்டின் பின்பக்கம் நின்று பேசுவார்கள். காலுக்குக் கீழே மரப்பலகை. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கைப்பிடி. ஒரு மூலையில் பார்பிக்யூ கிரில்.

“அம்மா, இதுதான் எங்க டெக். சனிக்கிழமை குட்டியோட பர்த்டே. முப்பது பேர் வர்றாங்க!” என்று மகள் போனைச் சுற்றிக் காட்டுவாள்.

மதுரையிலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். “எல்லாம் மரமாவா இருக்கு? மழையில நனைஞ்சா உளுத்துப்போகாதாடி?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. இங்க எல்லா வீட்டுலயும் இப்படித்தான்.” கேமரா தோட்டத்துப் பக்கம் திரும்பிவிடும்.

ஆனால், அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. டெக் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

திண்ணை அல்ல... பரண்!

டெக்கைப் பார்த்ததும் ‘நம்ம ஊர் திண்ணை மாதிரி’ என்று சொல்லத் தோன்றும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. திண்ணை, மண்ணிலிருந்து எழும்பிய கட்டுமானம். அதன் எடை நேராகப் பூமிக்குள் இறங்கிவிடும். டெக் அப்படியல்ல. அது ஒரு பரண். பெரும்பாலும் ஒரு பக்கம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சில மரத்தூண்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். நடுவில் வெறும் காற்று.

வீட்டின் பின்கதவு தோட்டத்தைவிட உயரத்தில் இருந்தால், டெக்கும் அந்த உயரத்துக்கு எழும்பும். சில வீடுகளில் மூன்று அடி. சரிவான மனையில் கட்டிய வீடுகளில் ஒரு மாடி உயரம்கூட இருக்கும். அதன்மேல் குழந்தைகள் ஓடுவார்கள், மாமனார் நாற்காலி போட்டு உட்காருவார், விசேஷ நாளில் ஊரே கூடும்.

மேலே நிற்பவர்களுக்குத் தெரிவது பலகை மட்டும்தான். தாங்குகிற சட்டங்களும் போல்ட்டுகளும் காலுக்குக் கீழே இருக்கின்றன. அங்கே யாரும் போவதில்லை என்பதுதான் பிரச்னையே.

இரண்டு இரவுகள்

2003 ஜூன் 29. சிகாகோவின் லிங்கன் பார்க் பகுதி. ஓர் அடுக்குமாடி வீட்டில் இளைஞர்களின் பார்ட்டி. வீட்டின் பின்புறம் தளத்துக்குத் தளம் மரத்தால் கட்டிய தாழ்வாரம். கூட்டம் நிறைந்திருந்த மேல்தளம் பெயர்ந்து, கீழ்த்தளங்களில் நின்றவர்கள் மீது விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல், விதியைவிடப் பெரிதாக அந்தத் தாழ்வாரம் கட்டப்பட்டிருந்தது என்றது நகர நிர்வாகம்.

2015 ஜூன் 16. கலிஃபோர்னியாவின் பெர்க்லி. 21-வது பிறந்தநாள் கொண்டாட்டம். நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், மேல்தள பால்கனி ஒன்று சுவரோடு ஒட்டிய இடத்தில் முறிந்து கவிழ்ந்தது. 6 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர், கோடை விடுமுறைக்காக அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். 7 பேர் படுகாயமடைந்தார்கள். அந்தக் கட்டடம் கட்டி முடித்து 10 ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால், பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்களுக்குள் தண்ணீர் புகுந்து தேங்கி, அவை இற்றுப்போயிருந்தன. வெளியே பூச்சு அழகாக இருந்ததால், உள்ளே நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த விபத்துக்குப் பிறகு 2018-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள வாடகைக் கட்டடங்களில், ஆறு அடிக்கு மேல் உயரத்தில் மரத்தால் தாங்கப்படும் பால்கனி, தாழ்வாரம் போன்றவற்றை 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிபுணரைக்கொண்டு ஆய்வுசெய்ய வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால், தனி வீட்டின் கொல்லைப்புற டெக் அதில் வராது. அங்கே ஆய்வாளர், வீட்டுக்காரர்தான்.

முப்பது பேர் என்றால் எவ்வளவு எடை?

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதி, டெக்கின் ஒவ்வொரு சதுர அடியும் குறைந்தது 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்கிறது. இது மனிதர்கள், நாற்காலிகள் போன்றவற்றுக்கு மட்டும். டெக்கின் சொந்த எடை தனி.

12 அடிக்கு 16 அடி என்ற அளவில் ஒரு டெக்கை எடுத்துக்கொள்வோம். 192 சதுர அடி. விதிப்படி சரியாகக் கட்டியிருந்தால் கிட்டத்தட்ட 3,480 கிலோவைத் தாங்க வேண்டும். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால், சுமார் 50 பேர். அப்படிப் பார்த்தால் முப்பது பேர் ஒரு பாரமே இல்லை.

சிக்கல், ‘சரியாகக் கட்டியிருந்தால்’ என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. வெளி ஓரத்தில் மட்டும் தூண்கள் உள்ள டெக்கில், மொத்த எடையில் ஏறக்குறைய பாதியை அந்தத் தூண்கள் வாங்கிக்கொள்ளும். மீதிப் பாதி? வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் ஒரே ஒரு நீளப் பலகை. அதன் பெயர் லெட்ஜர். டெக்கின் உயிர் அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

ஆணியா, போல்ட்டா?

சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். ஆணியை மேலிருந்து கீழாக அழுத்தினால் தாங்கும். நம்மை நோக்கி இழுத்தால், ஆடி ஆடி வெளியே வந்துவிடும். லெட்ஜர் பலகையை வெறும் ஆணியால் வீட்டோடு சேர்த்தால் நடப்பதும் இதுதான்.

மரம் மழையில் ஊறும்போது உப்பும். வெயிலில் காயும்போது சுருங்கும். பல ஆண்டுகள் இப்படி உப்பிச் சுருங்கும்போது ஆணியின் பிடி தளரும். அதன்மேல் ஒருநாள் கூட்டமாக ஆடினால், டெக் வீட்டைவிட்டு விலகிப்போகப் பார்க்கும். ஆணி உருவிக்கொள்ளும். அப்போது டெக் சுவர்ப்பக்கமாகச் சரியும். மேலே நின்றவர்கள் அத்தனை பேரும் சுவரை நோக்கி ஒருவர் மேல் ஒருவராக விழுவார்கள். ‘லேசாக ஆடுது, நகர்ந்துக்கலாம்’ என்று யோசிக்க அவகாசமே கிடைக்காது.

அதனால்தான், லெட்ஜரை அரை அங்குல கனமுள்ள போல்ட்டாலோ, அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கனமான ஸ்க்ரூவாலோ பொருத்த வேண்டும் என்று விதி சொல்கிறது. அவையும் ஒரே கோட்டில் இல்லாமல், மேலும் கீழுமாக மாறி மாறி இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க இன்ஜினீயர் தேவையில்லை. டெக்கின் கீழே போய், சுவரோடு ஒட்டியிருக்கும் பலகையை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். பெரிய அறுகோணத் தலையும் வாஷரும் வரிசையாகத் தெரிந்தால், பாதி நிம்மதி. சிலவகை கட்டுமான ஸ்க்ரூக்களின் தலை தட்டையாக இருக்கும். அதுவும் சரிதான். வெறும் ஆணித் தலைகள் மட்டுமே தெரிந்தால், அன்றைக்கே பார்ட்டியைத் தோட்டத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று... சில வீடுகளில் மரச்சுவருக்கு வெளியே அழகுக்காக ஒரு வரிசை செங்கல் கட்டியிருப்பார்கள். அந்தச் செங்கல் எடை தாங்குவதற்கானது அல்ல. அதில் லெட்ஜரைப் பொருத்துவதை விதி அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், சுவரைத் தொடாமல் இருபக்கமும் சொந்தத் தூண்களில் நிற்கும் டெக்கே பாதுகாப்பு.

தண்ணீர் போகும் வழி

அம்மா கேட்ட ‘உளுத்துப்போகாதா?’ என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

டெக் கட்டும் மரம் பெரும்பாலும் ‘பிரஷர் ட்ரீட்டட்’ மரம். பூஞ்சையும் கரையானும் அண்டாமலிருக்க, தாமிரம் கலந்த ரசாயனத்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தியிருப்பார்கள். அது பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால், டெக் சேரும் இடத்தில் உள்ள வீட்டின் சொந்த மரச்சட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. லெட்ஜருக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மழைநீரும் பனிநீரும் இறங்கினால், டெக் திடமாக இருக்கும்போதே அதைப் பிடித்திருக்கும் வீட்டு மரம் உள்ளுக்குள் மக்கத் தொடங்கிவிடும்.

இதைத் தடுப்பது ‘ஃப்ளாஷிங்’ எனும் வளைந்த தகடு. நம் ஊர் ஓட்டு வீட்டில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் காரை பூசுவார்களே, அதே வேலைதான். சுவரிலிருந்து வழியும் தண்ணீர் லெட்ஜருக்குப் பின்னால் போகாமல், அதன் மேலேறி வெளியே வடிந்துவிடும். விலை குறைந்த பொருள்தான். ஆனால், அவசரக் கட்டுமானத்தில் முதலில் விடுபட்டுப்போவதும் இதுதான்.

மரம் இற்றுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். சந்தேகமான இடத்தில் கூர்முனையை வைத்து அழுத்த வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இற்ற மரம் ரஸ்க்போல உதிரும், அல்லது பஞ்சுபோல உள்வாங்கும். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால், தச்சரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முக்கியமாகக் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து:

1. சுவரோடு ஒட்டிய லெட்ஜர் பலகை, அதன் இரு முனைகள்.
2. தூண்கள் தரையைத் தொடும் அடிப்பாகம்.
3. படிக்கட்டின் கீழ்ப்படி மண்ணைத் தொடும் இடம்.
4. கைப்பிடித் தூண்கள் டெக்கோடு சேரும் இடம்.
5. எப்போதும் பூந்தொட்டி இருக்கும் இடத்தின் கீழ்ப்பக்கம்.

ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுவார்கள். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தினமும் ஊற்றும் தண்ணீர், தொட்டிக்கு அடியில் காயாமலே கிடக்கும். தொட்டிக்குக் கீழே சின்னக் கால்கள் வைத்து உயர்த்தினால், காற்று போகும்.

வீட்டின் உள்பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். டெக் சேரும் சுவருக்கு நேர் உள்ளே, அடித்தளத்தில் தண்ணீர்க் கறையோ பூஞ்சை வாடையோ இருந்தால், வெளியே தகடு ஒழுகுகிறது என்று அர்த்தம்.

“எங்களுது கம்போசிட் டெக்... ஒண்ணும் ஆகாது!”

இப்போது பல வீடுகளில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கம்போசிட் பலகைகள் போடுகிறார்கள். அவை சுலபத்தில் மக்காது, பெயின்ட் அடிக்கும் வேலை இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால், பெரும்பாலும் மேல்பலகை மட்டும்தான் கம்போசிட். கீழேயுள்ள சட்டமும் உத்திரமும் தூணும் மரம்தான். 20 வருடப் பழைய எலும்புக்கூட்டின் மேல் புதுப் பலகை போட்டால், டெக் புதிதாகிவிடாது. உள்ளே இருக்கும் முதுமையை மறைத்துவிடும். அவ்வளவுதான். பலகையை மாற்றும் நாள்தான் கீழேயுள்ள சட்டங்களைத் திறந்து பார்க்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அதைத் தவறவிடக் கூடாது.

துருவும் ஒரு துரோகி

அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு இறுதிவரை, வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த ரசாயனத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். உடல்நலக் கவலை காரணமாக அதை நிறுத்தி, தாமிரம் அதிகமுள்ள கலவைகளுக்கு மாறினார்கள். ஆரோக்கியத்துக்கு நல்ல மாற்றம். ஆனால், தாமிரம் அதிகமுள்ள மரம் சாதாரண இரும்பை வேகமாக அரித்துவிடும்.

அதனால், புது மரத்தில் அடிக்கும் ஆணி, ஸ்க்ரூ, சட்டங்களைத் தாங்கும் உலோகத் தாங்கிகள் எல்லாமே கனமாக துத்தநாகம் பூசியவையாகவோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்க வேண்டும். வெறும் அலுமினியத் தகடும் இந்த மரத்தைத் தொடக் கூடாது. ஆணித் தலையைச் சுற்றி ஆரஞ்சுக் கறை வழிந்திருந்தால், அதைத் துடைத்துவிட்டுப் போகாமல், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாங்கிகளில் உள்ள எல்லா ஓட்டைகளிலும் அதற்குரிய ஆணி இருக்க வேண்டும். ‘நாலு அடிச்சாப் போதும்’ என்று விட்டிருந்தால், தாங்கும் திறனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

2004-க்கு முன்பு கட்டிய பழைய டெக்கைப் பிரித்தால், அந்த மரத்தைக் கிரில்லிலோ கணப்பிலோ போட்டு எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். புதுவகை ட்ரீட்டட் மரத்தையும் எரிக்கக் கூடாது. நகராட்சி சொல்லும் முறையில்தான் அகற்ற வேண்டும்.

காலை ஊன்றும் இடம்

குளிர் நாடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து உப்பும். அப்போது மண், மேலே நிற்கும் தூணையும் சேர்த்துத் தூக்கும். வசந்தத்தில் உருகியதும் பழையபடி இறங்கும். இப்படி ஒவ்வோர் ஆண்டும் தூக்கி இறக்கினால் டெக் கோணலாகும், இணைப்புகள் நெகிழும்.

ஆகவே, உறைபனி எட்டாத ஆழத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் போக வேண்டும். தமிழர்கள் அதிகம் வாழும் டொரன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் அது சுமார் 1.2 மீட்டர், அதாவது 4 அடி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இவ்வளவு ஆழம் தேவைப்படாது. ஊருக்கு ஊர் மாறும் அளவு என்பதால், உள்ளூர் கட்டட அலுவலகம் சொல்வதே கணக்கு.

மரத்தூண் மண்ணுக்குள் புதையாமல், கான்கிரீட்டின் மேல் உலோகப் பாதத்தில் நிற்பது நல்லது. உத்திரம், தூணின் பக்கவாட்டில் போல்ட்டால் தொங்கக் கூடாது. தூணின் தலையில் உட்கார வேண்டும். அமெரிக்கன் வுட் கவுன்சில் வெளியிட்டுள்ள டெக் கட்டுமான வழிகாட்டி, ஆறுக்கு ஆறு அளவுத் தூண்களையே சொல்கிறது. நான்குக்கு நான்கு தூண் பார்வைக்குப் போதும் என்று தோன்றினாலும், உயரமான டெக்கில் வளைந்துபோகும் அபாயம் உண்டு.

குழந்தையின் தலையும் தாத்தாவின் காலும்

டெக் முழுவதுமாக விழுவது அரிது. கைப்பிடி உடைந்து விழுவதும், படியில் வழுக்குவதும்தான் அடிக்கடி நடக்கக்கூடியவை. இதில் முதலில் அடிபடுபவர்கள் சின்னக் குழந்தைகளும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களும்.

அமெரிக்க விதிப்படி, தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயரமான டெக்குக்குக் கைப்பிடி கட்டாயம். அதன் உயரம் குறைந்தது 36 அங்குலம். சில மாநிலங்களில் 42. இரண்டு கம்பிகளுக்கு இடையே 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. கைக்குழந்தையின் உடம்பும் தலையும் புகுந்து மாட்டிக்கொள்ளாமலிருக்கத்தான் இந்தக் கணக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 60 சென்டிமீட்டர் உயரத்திலேயே கைப்பிடி கட்டாயமாகிவிடும். குழந்தை ஏணிபோல ஏறும்படியான குறுக்குக் கம்பிகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

கைப்பிடியின் உச்சியில் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ விசையில் தள்ளினாலும் அது தாங்க வேண்டும். வீட்டில் இதைத் துல்லியமாக அளக்க முடியாது. ஆனால், டெக்கின் உள்பக்கம் நின்று, இரு கைகளால் கைப்பிடியை உங்கள் பக்கமாக இழுத்துப் பார்க்கலாம். ஆடினால், அதன் தூண் சட்டத்தோடு போல்ட்டால் இணைக்கப்படவில்லை, அல்லது மரம் இற்றுவிட்டது. குரூப் போட்டோவுக்காகப் பத்துப் பேர் சாய்வதும் அந்தக் கைப்பிடியில்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கைப்பிடியை ஒட்டி பெஞ்சோ, பெரிய தொட்டியோ, ஐஸ் பெட்டியோ போடக் கூடாது. அது குழந்தைக்குப் படிக்கட்டு. 36 அங்குலக் கைப்பிடி அந்த இடத்தில் 18 அங்குலமாகிவிடும்.

படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் கால் தடுமாறும். வேட்டியோ சேலையோ கட்டி, கையில் காபி டம்ளரோடு இறங்கும் தாத்தா, பாட்டிக்கு, பிடித்துக்கொள்ள வசதியான ஒரு கம்பியும் இரவில் ஒரு விளக்கும் அவசியம்.

புதிதாகக் கட்டப்போகிறீர்களா?

பணம் கைமாறும் முன் இவற்றைக் கேட்டுவிடுவது நல்லது.

- நகராட்சி அனுமதி யார் பெயரில் எடுக்கப்படும்? டொரன்டோவில் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான டெக்குக்கு அனுமதி வேண்டும். ‘அனுமதி இல்லாம முடிச்சுத் தர்றேன், செலவு மிச்சம்’ என்று சொல்பவரிடம் மிச்சமாவது அவருடைய பொறுப்பு மட்டுமே.
- ஆய்வாளர் எப்போது வருவார்? பல ஊர்களில் கான்கிரீட் ஊற்றும் முன் குழியைப் பார்ப்பார்கள். பிறகு சட்டத்தை, கடைசியில் முழு டெக்கை. இது தொந்தரவு அல்ல, குறைந்த செலவில் கிடைக்கும் இரண்டாவது ஜோடிக் கண்.
- லெட்ஜரில் என்ன போல்ட், என்ன தகடு? வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மூடும் முன் போனில் போட்டோ எடுத்துவைத்தால், பின்னாளில் வீட்டை விற்கும்போதும் உதவும்.
- குழி தோண்டும் முன் நிலத்தடிக் குழாய்களை யார் பார்ப்பது? அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குச் சில நாள்கள் முன்பே சொன்னால், கேஸ், மின்சாரம் செல்லும் பாதையைக் குறித்துக் கொடுப்பார்கள்.
- ஹாட் டப் வைக்கும் எண்ணம் உண்டா? இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். 1,500 லிட்டர் தண்ணீர் என்றால் 1,500 கிலோ. சாதாரண டெக் அதற்காகக் கட்டப்படுவதில்லை.

நான்கு பருவம், நான்கு வேலை

வசந்தம்: பனி உருகியதும் முதல் வேலை, கீழே குனிந்து பார்ப்பது. வட அமெரிக்காவில் டெக், கைப்பிடித் துறையினரின் சங்கம், மே மாதத்தை ‘டெக் பாதுகாப்பு மாதம்’ என்றே கடைப்பிடிக்கிறது. டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், அரை மணி நேரம்... இவ்வளவே தேவை. தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கலாம்.

கோடை: பலகை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். முத்து முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. உடனே உறிஞ்சிக்கொண்டால், மறுபடி பூச்சு அடிக்க வேண்டும். புது ட்ரீட்டட் மரம் ஈரமாக இருக்கும் என்பதால், நன்கு காய்ந்த பிறகே பூச வேண்டும். பிரஷர் வாஷரை மிக அருகில் பிடித்து அடித்தால் மரநார் கிழிந்துவிடும். பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இலையுதிர் காலம்: பலகை இடுக்குகளில் சேரும் இலைக் குப்பையை எடுத்துவிட வேண்டும். அது ஈரத்தைப் பிடித்துவைத்து மரத்தைக் கெடுக்கும். படியில் கிடக்கும் ஈர இலை வழுக்கும்.

குளிர்காலம்: புதுப் பனி இலகுவானது. நனைந்து இறுகிய பனி கனமானது. அடுக்கடுக்காகச் சேரவிடாமல், பிளாஸ்டிக் மண்வெட்டியால், பலகையின் நீளவாக்கில் தள்ளலாம். கல் உப்பு, ஆணிகளை அரிக்கும் என்பதால் அளவோடு போதும்.

பார்ட்டி அன்று கிரில்லை வீட்டுச் சுவர், கைப்பிடி, கூரை நீட்சி ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளிவைக்க வேண்டும். கரிச்சாம்பல் முழுதும் ஆறும்வரை டெக்கின் மேல் கொட்டக் கூடாது. கூட்டம் ஒரே ஓரத்தில் குவியாமல், சாப்பாட்டு மேஜையைத் தோட்டத்தில் போட்டால் எடை பிரிந்துவிடும். டெக்கிலிருந்து முறியும் சத்தமோ, வழக்கமில்லாத ஆட்டமோ வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, கூச்சப்படாமல் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும்.

வாடகை வீடாக இருந்தால்?

‘நம்ம வீடா, என்ன?’ என்று விடுவதுதான் ஆபத்து. சந்தேகமான இடத்தைப் போட்டோ எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். சரிசெய்யும்வரை அந்தக் கதவைப் பூட்டிவைக்கலாம். பழைய வீடு வாங்குகிறவர்கள், சமையலறையையும் குளியலறையையும் பார்க்கும் அதே கவனத்தோடு டெக்கின் கீழ்ப்பக்கத்தையும் பார்க்கும்படி ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். எந்த ஆண்டு கட்டியது, அனுமதி இருந்ததா என்பதை விற்பவரிடம் கேட்கவும் தயங்கக் கூடாது.

நடுவில் பிள்ளைகளுக்கு வேலை, ஆபீஸ் மீட்டிங், ஸ்கூல் பிக்அப். டெக்குக்கு அடியில் குனிய நேரமிருக்காது. ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பாவுக்கு நேரம் உண்டு. ஊரில் ஓட்டு வீட்டின் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தே சத்தத்தில் உளுப்பைக் கண்டுபிடித்த தலைமுறை அது. கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தால், அரை மணி நேரத்தில் ஒரு பட்டியலோடு வருவார். அதை ‘சும்மா இருங்கப்பா’ என்று ஒதுக்காமல், ஒரு தச்சரிடம் காட்டினால் போதும்.

அடுத்த சனிக்கிழமை வீடியோ காலில் மகள் மறுபடியும் டெக்கைக் காட்டும்போது, அம்மா இன்னொரு கேள்வியும் கேட்கலாம். “மேல எல்லாம் அழகா இருக்கு. போனைக் கொஞ்சம் கீழ கொண்டுபோய், செவுத்தோட சேர்ற இடத்தைக் காட்டு பாப்போம்!”